நீர்வாழி யார்?

கோடையில் குளம் பாதியாகச் சுருங்கியது. கெண்டை மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நீந்தின. இது நீர்வாழிகளின் குளம், மற்றவர்கள் வெளியேறட்டும் என்று அவை நீதிபதி ஆமையிடம் முறையிட்டன.

ஆமை ஒரு பாசிப் பாறையின் மேல் உட்கார்ந்து வழக்குக் கேட்டது. யாரும் கூப்பிடாமலே மீன்களுக்காக வாதாட வந்தது கொக்கு. மலைக்கு அப்பாலுள்ள பெரிய ஏரியிலும் இதே வழக்கு வந்ததாம். நீரை விட்டு எடுத்தால் செத்துப்போகிறவரே நீர்வாழி என்று அங்கே தீர்ப்பானதாம். அந்த ஏரி எந்தக் கோடையிலும் வற்றாது என்பதை மட்டும் கொக்கு சொல்லவில்லை.

வெளியூர்த் தீர்ப்பு என்றால் ஆமைக்குத் தனி மரியாதை. அதையே தன் தீர்ப்பாக்கியது. கால் உள்ளவர் கரையிலும் பிழைத்துக்கொள்வார்; அதனால் கால் முளைத்தவர் எல்லாரும் மூன்று நாளில் கரையேற வேண்டும்.

தவளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் தலைப்பிரட்டைகள் பலவற்றுக்குப் பின்னங்கால் எட்டிப் பார்த்திருந்தது. விடிந்ததும் ஒவ்வொன்றின் வாலடியையும் தடவிப் பார்க்கும். சற்று நேரத்தில் மறுபடியும் தடவும்.

"கூசுதும்மா" என்று அவை நெளியும்.

"காலை மடக்கி வச்சுக்கோ" என்று அதட்டும்.

கரையில் கொக்கு நின்றுகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை தவளை பாறையடிக்குப் போனது. கொக்கு கழுத்தை நீட்டியது.

"வாயைத் திறக்காதே அக்கா. நுணலும் தன் வாயால் கெடும்னு தெரியாதா?"

தவளை ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் ஆமையைக் கேட்டது.

"ஐயா, நீங்க உட்கார்ந்திருக்கிற பாறை தண்ணிக்கு மேலதானே இருக்கு? விடிஞ்சதிலேர்ந்து இருக்கீங்க. சாகலையே?"

மீன்கள் சிரித்தன. பிறகு சிரிப்பு நின்றது. ஆமை குனிந்து தன் நான்கு கால்களையும் பார்த்தது.

"தீர்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். நானே முதலில் போகிறேன்" என்றது.

"நீங்க போயிட்டா நாங்க யார்கிட்ட முறையிடுறது?" என்று கேட்டது ஒரு கெண்டை. ஆமை பாறையிலிருந்து இறங்கியது. மெல்லக் கரையேறியது.

கோரைப்புல்லுக்குப் பின்னால் பதினொரு கொக்குகள் வரிசையாக, ஒற்றைக் காலில், சத்தமில்லாமல் நின்றிருந்தன.

"முதல்ல வர்றது இதுவா? இந்த ஓட்டை எப்படி உடைக்கிறது?" என்று முனகியது ஒன்று.

"அதை விடு. பின்னாலே மெத்துமெத்துன்னு வரும்" என்றது இன்னொன்று.

ஆமை திரும்பியது. வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அது நடந்ததில்லை. தண்ணீருக்குள் விழுந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பாறையில் ஏறியது.

"தீர்ப்பைத் திருத்துகிறேன். உயிர் பிழைக்க இந்தத் தண்ணீருக்குள் ஓடி வருகிறவர் எல்லாரும் நீர்வாழிதான்."

வக்கீல் கொக்கு பறந்துவிட்டது. மீன்கள் முணுமுணுத்தபடி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. மறுநாள் விடிந்ததும் தவளை பழக்கதோஷத்தில் பிள்ளைகளின் வாலடியைத் தடவிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் கால் முளைத்திருந்தது.

தீர்ப்புச் சொல்கிறவர், அந்தத் தீர்ப்பு மற்றவரை அனுப்பும் வழியில் முதலில் தாமே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.