லிஃப்டில் சொன்ன ‘யா, யா’

எந்த ஊருக்குப் போனாலும் நாம் தலையை ஆட்டியே பிழைத்துக்கொள்வோம். தில்லைநாயகமும் பல வருடமாக ஜெர்மனியில் ‘ஆமாம், ஆமாம்’ என்று பொருள்படும் ‘யா, யா’வை வைத்தே காலத்தை ஓட்டினார். “இங்கிலீஷ் இருக்க ஜெர்மன் எதுக்கு?” என்பார். அவர் வீட்டில் தங்கிச் சமைத்துப் போட்ட மைத்துனன் மாசிலாமணி ஜெர்மன் வகுப்புக்குப் போனான்.

“எத்தனை வார்த்தை தெரியும் மாப்ளே?”

“பத்து இருக்கும் அத்தான். அதுல பாதி காய்கறி.”

“கீழ்வீட்டுக் கிழவி என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. அவளைச் சிரிக்க வை பார்ப்போம். முடியலைன்னா வகுப்புக்கு முழுக்குப் போடு.”

மாசிலாமணி கீழே போய்த் தப்பும் தவறுமாக, பாதி கைஜாடையில் விசாரித்தான். திரும்பி வந்து தூக்கு நிறையச் சாம்பார் கொண்டுபோனான். கிழவி சிரித்தபடி மேலே வந்து தில்லைநாயகத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

“அப்படி என்னடா சொன்னே?”

“நான் ஒண்ணும் சொல்லலை. ‘சாம்பார் வாசனை ஆளைத் தூக்குது, எனக்கும் கொஞ்சம் தருவீங்களா’ன்னு அவங்கதான் லிஃப்ட்ல பார்க்கும்போதெல்லாம் கேட்டாங்களாம். நீங்க ‘யா, யா’ன்னு தலையாட்டிட்டு வந்துடுவீங்களாம்.”

தில்லைநாயகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்போ இந்தக் கட்டடத்துல என்னை என்னன்னு சொல்லுவாங்க?”

“அதுதான் அத்தான் எனக்குப் பதினோராவது வார்த்தை. கஞ்சன்னு அர்த்தம்.”