கருப்புப் புழு

முப்பது வருடம் பூச்சிமருந்துக் கடை நடத்திய நாச்சிமுத்து, அறுபதாவது வயதில் கடையை மூடிவிட்டு மரகதத்திடம் சீடராகச் சேர்ந்தார். மரகதத்துக்கு முப்பத்தெட்டு வயது. சொட்டு விஷம் தெளிக்காமல் பன்னிரண்டு வருடமாக வெள்ளாமை செய்கிறவள். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது மனைவி சொன்னதுதான். "இந்த அவரைக்கா வெள்ளாமையும் போச்சுன்னா தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுருவேன். மருந்தடிக்கத் தெரிஞ்சவன் பாத்துக்கட்டும்." தோட்டம் அவள் பேரில் இருந்தது.

பூ விடும் நேரத்தில் கொடி நுனியெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. நாச்சிமுத்து மரகதத்திடம் ஓடினார்.

"அம்மிணி, அசுவினி விழுந்துருச்சுங்க. என்ன மருந்து அடிக்கட்டும்?"

"யாருக்குங்க மருந்து?"

"செடிக்குத்தானுங்க."

"உங்க கடை மருந்தக் குடிச்சது செடியா, பூச்சியா?"

"பூச்சிதானுங்க."

"குடிச்சது பொழச்சுதுங்களா?"

"எங்கீங்க பொழைக்கும்? செத்துப்போகும்."

"அதுக்குப் பேரு மருந்துங்களா?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். கடைக்கு வந்த ஒருத்தரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

இருவரும் அவர் தோட்டத்துக்குப் போனார்கள்.

"நானும் சும்மா இருக்கலீங்க," என்றார் பெருமையாக. "முள்ளு முள்ளா ஒரு கருப்புப் புழுவும் சேந்துக்கிட்டு மேஞ்சுது. காலையில இருந்து அத்தனையும் கையாலயே நசுக்கிப்போட்டேன். சொட்டு விஷமில்லாம!"

மரகதம் கீழே கிடந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது பொறிவண்டோட குஞ்சு. அசுவினியத் திங்க வந்தது."

"பொறிவண்டு செவப்பா, புள்ளி வெச்சு அழகா இருக்குமேங்க!"

"பொறக்கறப்பவே சட்டை போட்டுக்கிட்டா வரும்?"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, ஒத்தாசைக்கு வந்ததுகள நானே கொன்னுபோட்டனே அம்மிணி!"

அவள் திட்டவில்லை. தன் தோட்டத்துக்குப் போய், குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்த கொடிகளை அறுத்துவந்து அவர் பந்தலில் கட்டினாள். அந்தக் கொடிகளில் அசுவினியும் இருந்தது. இருக்கிறது போதாதென்று இது வேறா என்று அவருக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு நாளில் பந்தல் தெளிந்தது. காய் சரம் சரமாகத் தொங்கியது. கடைசி வரிசையில் நாலு கொடி நுனியில் மட்டும் அசுவினி மிச்சம் இருந்தது. குஞ்சுகளும் அங்கேதான் இருந்தன.

"அம்மிணி, நாளைக்கு எங்க வீட்டுல வந்து பாப்பாங்க. ஒரு பூச்சி கண்ணுல பட்டாலும் குத்தகைதான், தெரியுமில்லீங்க? இந்த நாலு நுனியயும் கிள்ளி எறிஞ்சுட்டா எல்லாம் சுத்தமாயிரும்."

"ஆயிருமுங்க," என்றாள் மரகதம். "நாளைக்கு உங்களுக்குச் சோறு இல்லைன்னு இந்தக் குஞ்சுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிள்ளுங்க."