இசக்கிராஜாவின் நிதானம்

“டீச்சர், பந்தை விட்டதும் இடதுபக்கமா சாயுதேன். பந்தும் எங்கயோ போகுது. என்ன செய்ய?”

கேட்டவன் இசக்கிராஜா. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வயது முப்பத்தாறு. பட்டறை கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளன்.

பதில் சொல்ல வேண்டியவள் பிரிசில்லா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவனைவிட ஏழு வயது சின்னவள். பந்து வீசுவதில் அவளுக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்த ஆள்கூட அந்த ஊரில் கிடையாது. அதனால் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பள்ளி மைதானத்துக்கு வந்திருந்தான்.

வேறு வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நேராகப் போடாவிட்டால் இனி அணியில் இடம் இல்லை என்று கேப்டன் சவரிமுத்து சொல்லிவிட்டார். முப்பத்தாறு வயதில் வெளியே போனவனை எவன் திரும்பக் கூப்பிடுவான்?

ஒரு பந்து போடச் சொன்னாள் பிரிசில்லா.

பதினெட்டு எட்டு ஓடிவந்து போட்டான். முன்காலை ஊன்றியதுமே தலை ஒருபக்கம் போனது. உடம்பு தலையின் பின்னாலேயே போனது. பந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேறு பக்கம் போனது.

“நிதானமாப் போடுங்கண்ணே” என்றாள்.

அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

இசக்கிராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேகப்பந்து போடுகிறவனிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? ஆனாலும் டீச்சர் சொன்னால் சும்மா சொல்லமாட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு எட்டு மட்டும் ஓடினான். சாய்ந்தான். அதற்கு மறுநாள் ஒன்பது எட்டு. அப்போதும் சாய்ந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி அவள் முன்னால் போய் நின்றான்.

“நிதானமாத்தான் போடுதேன் டீச்சர். இன்னும் சாயுது.”

பந்தை விடும்போது நிற்பதுபோல ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். கையை உயர்த்தி, முன்காலை ஊன்றி நின்றான். அவள் பக்கத்தில் வந்து, ஒரே விரலால் அவன் தோளைத் தொட்டாள்.

பொத்தென்று விழுந்தான்.

“பாத்தீங்களா? நிதானம் இல்ல.”

“இன்னுமா?”

“இன்னும் வேணும்ணே.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குழம்பினான். அவசரம் தன் ரத்தத்திலேயே இருக்கிறதென்று முடிவுகட்டினான். அன்றிலிருந்து சோற்றை மெதுவாகத் தின்றான். வண்டியை மெதுவாக ஓட்டினான். வேலைக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கினான். மனைவி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லையே என்றாள்.

ஓட்டம் ஐந்து எட்டாகக் குறைந்தது. முன்பு வேகமாகச் சாய்ந்தவன் இப்போது மெதுவாகச் சாய்ந்தான். அது ஒன்றுதான் மாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் நடந்தது.

இசக்கிராஜாவின் முதல் ஓவரில் பத்தொன்பது ரன் போனது. மூன்று வைடு. எதிரணிக்காரன் ஒருவன் பேட்டை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

இன்னும் ஒரே ஒரு ஓவர் தருவேன், அதோடு சரி என்று சொல்லி, சவரிமுத்து அவனை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டம் பார்க்க வந்த பிரிசில்லா நின்றிருந்தாள். இசக்கிராஜாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நீங்க சொன்னதைத்தான் டீச்சர் செஞ்சேன். இதுக்கு மேல நிதானமாப் போட்டா பந்து அந்தப் பக்கம் போய்ச் சேராது.”

இப்போது அவள் விழித்தாள்.

“அஞ்சு எட்டு ஓடுங்கன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?”

“நிதானமாப் போடுன்னு சொன்னீங்கள்லா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்பயர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். நன்றாகக் குடித்திருந்த ஒருவர் மைதானத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

பிரிசில்லா அவரைக் காட்டினாள்.

“அவருக்கு என்னண்ணே?”

“பாத்தாத் தெரியலயா? ஆளு நிதானத்துல இல்ல.”

“வேகமாவா போறாரு?”

இசக்கிராஜா திரும்பிப் பார்த்தான். அந்த ஆள் ஒரு காலைத் தூக்கினார். தரையைத் தேடி மெல்ல வைத்தார். வைத்த பக்கமே சரிந்தார். நின்று யோசித்து அடுத்த காலைத் தூக்கினார்.

“இல்ல டீச்சர். மெதுவாத்தான்…”

அவன் பார்வை அந்த ஆளின் சாய்ந்த தலைக்குப் போய், அங்கிருந்து தன் முன்காலுக்கு வந்தது.

சவரிமுத்து கூப்பிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டார்.

பந்து போடுகிற கோட்டருகே போய் இசக்கிராஜா இடதுகாலை ஊன்றினான். தலையை அந்தக் காலுக்கு நேர்மேலே கொண்டுவந்தான். கையை உயர்த்தி அப்படியே நின்றான். உடம்பு எந்தப் பக்கமும் போகவில்லை. என்ன விஷயம் என்று அம்பயர் கேட்டார். ஒன்றுமில்லை என்றான்.

எதிர்முனையில் கீப்பர் ஸ்டம்பை ஒட்டிக் குனிந்திருந்தான். இசக்கிராஜாவின் மெதுவான பந்துக்கு அதுவே போதும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

“ஏ தம்பி, பின்னால போ.”

கீப்பர் இரண்டடி நகர்ந்துவிட்டு, போதுமா என்று கேட்டான்.

இசக்கிராஜா அதற்குள் முதுகைக் காட்டி எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்துகொண்டிருந்தான்.

“நான் நிக்குத வரைக்கும் நீயும் போய்க்கிட்டே இரு” என்றான்.