மூன்று வேளையும் தண்ணீர் காட்டியவன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அவர் வம்சத்தார் வாசலில் வந்து நிற்பார்கள். பெயர் மட்டும் சொல்கிறேன்: வீரகேசரி. பெயரில்தான் சிங்கம். அவருக்கு உயிரெல்லாம் மாட்டின் மேல். விடிந்ததும் தொழுவத்துக்குப் போய்ப் பசுக்களைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் சபைக்கு வருவார். பேச்சிலும் அந்த வாடை அடிக்கும். தூதர் வந்திருக்கிறார் என்றால் "உள்ளே ஓட்டி வா" என்பார். சபையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள்.

ஒருநாள் மலைநாட்டுக்காரர் ஒருவர் மூன்று செடிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். மண் கிடையாது, தொட்டி கிடையாது. மரக்கட்டையில் கட்டியிருந்தது, வேரெல்லாம் வெளியே தொங்கியது. இன்று நாம் ஆர்க்கிட் என்கிறோமே, அந்த ஜாதி. ஒன்றில் மட்டும் ஒரு கொத்துப் பூ. அதன் வாசனையில் மகாராணி இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தார். மூன்றும் நந்தவன அதிகாரி குழைக்காதர் பொறுப்பில் போயின.

குழைக்காதர் பெரிய மனிதர். பெரிய மனிதர்கள் மலைக்காரரிடம் யோசனை கேட்பார்களா? விகடகவி நாறும்பூதான் கோட்டை வாசல்வரை கூடவே போய், "இதுக்கு என்னய்யா ஆகாரம்?" என்று கேட்டார்.

"வாரம் ஒரு குளியல் போதும் சாமி. வேர் வெளுத்திருந்தா தாகம். பச்சையா இருந்தா சும்மா விட்டுருங்க. எந்நேரமும் ஈரமாவே இருந்தா அழுகிரும்."

குழைக்காதர் இரண்டு செடிகளை மண்ணில் புதைத்து, குடம் குடமாக ஊற்றினார். பதினைந்தே நாளில் இரண்டும் அழுகின. தண்ணீர்தான் கொன்றது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தைத் திரைகட்டி மறைத்தார். ராஜாவிடம், "துளிர்த்துக்கொண்டிருக்கின்றன, யாராவது பார்த்தால் கண் பட்டுவிடும்" என்றார். மிச்சமிருந்தது கட்டையில் தொங்கிய ஒன்று. அது நாறும்பூ கையில் செத்தால் தன்னுடைய இரண்டைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, எதற்கும் வழி வைத்திருப்பவர் நம் விகடகவி. பெயரிலேயே பூ இருக்கிறது, அதுவும் நாறும் பூ. மூன்றாவது செடியை அவரிடமே தரலாம். நாள்தோறும் மூன்று வேளை தண்ணீர் தர உத்தரவானால் போதும். நானே போய் மேற்பார்வை பார்ப்பேன்."

நாறும்பூ என்றால் அந்தக் காலத்தில் மணக்கும் பூ. குழைக்காதர் மட்டும் இந்தக் காலத்து அர்த்தத்தில்தான் சொல்வார்.

ராஜா அப்போதுதான் தொழுவத்திலிருந்து வந்திருந்தார். "நாறும்பூ! செடியை வீட்டுக்கு ஓட்டிப்போ. நாள்தோறும் மூன்று வேளை தண்ணீர் காட்டு. ஒரு வேளை தவறினாலும், இரண்டு மாதத்தில் பூக்காவிட்டாலும், குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு!"

ராஜா சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓலையில் எழுதுவது அரண்மனை வழக்கம். எழுதினார்கள். நாறும்பூ அதை வாங்கி மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஆவுடை அழுதாள். "ஊத்தினா செடி செத்துரும், ஊத்தலைன்னா நாம போகணும். சட்டி பானையைக் கட்டட்டுமா?"

"கட்டாதே. ஒரு செம்புல தண்ணி மட்டும் எடுத்துட்டு வா."

மறுநாள் காலை குழைக்காதர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். நாறும்பூ செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். செடிக்கு முன்னால் நீட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்துக் காட்டினார். "பார்த்துக்கொண்டாயா?" என்று கேட்டார். செடி என்ன சொல்லும்? செம்பை உள்ளே கொண்டுபோய்விட்டார். மத்தியானமும் அப்படியே, சாயங்காலமும் அப்படியே. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

குழைக்காதருக்குத் தலை சுற்றியது. இது உத்தரவை மீறுவதா, மீறாததா? ஊற்றாவிட்டாலும் செடி காய்ந்து சாகத்தானே போகிறது, சாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு வடிவுக்கோ சோறு இறங்கவில்லை. சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தே அவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"என்ன ஆவுடை, உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி ஏதும்..."

"எனக்கே ஒண்ணும் விளங்கலை வடிவு. தண்ணியைக் காட்டிக் காட்டி உள்ள கொண்டு வாராரு. செடி விரதமாம்!"

அன்று மாலைக்குள் அது செடியே இல்லை, சாபம் வாங்கிய முனிவர் என்று தெருவே பேசியது.

சனிக்கிழமை மட்டும் ஒரு வித்தியாசம். அன்று ஊரில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். குழைக்காதர் எண்ணெய் தேய்த்து, ஊறி, குளித்து, தின்று, தூங்கி எழுந்து வரச் சாயங்காலமாகிவிடும். நாறும்பூவும் சனிக்கிழமை காலையில் குளிப்பார். வேர் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, செடியையும் கிணற்றடிக்குத் தூக்கிப்போவார். எண்ணெய் அவருக்கு, குளியல் இரண்டு பேருக்கும். நீர் வடிந்த பிறகுதான் செடியைத் திரும்ப மாட்டுவார்.

ஏழாவது வாரம் மொட்டு விட்டது. எட்டாவது வாரம் பூத்தது. வாசனை தெரு முழுக்க. குழைக்காதர் அலறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

"மோசம், மகாராஜா! உத்தரவை மீறிவிட்டார். இரண்டு மாதமாக ஒரு சொட்டு ஊற்றவில்லை. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்!"

நாறும்பூவைச் செடியோடு வரவழைத்தார்கள்.

"தண்ணீர் ஊற்றவில்லையா?" என்றார் ராஜா.

"உத்தரவான மூன்று வேளையில் ஊற்றவில்லை, மகாராஜா."

"பிறகு எப்படிப் பூத்தது?" ராஜா பூவைப் பார்த்தார், நாறும்பூவைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார்.

"ஓலையை வாசிக்க உத்தரவாகட்டும்" என்றார் நாறும்பூ.

வாசித்தார்கள். "மூன்று வேளை தண்ணீர் காட்டு."

"காட்டினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. சாட்சி இந்தக் குழைக்காதர்தான்."

"மாட்டுக்குத் தண்ணீர் காட்டு என்றால் வெறுமனே காட்டுவதா? மாடு குடிக்குமே!"

"தாகம் இருந்தால் குடிக்கும். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாங்கள் அதன் வாயைப் பிளந்து ஊற்றுவதில்லையே, மகாராஜா? இந்தச் செடியும் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாரம் ஒருநாள் வேர் வெளுத்துத் தாகம் என்றது, குளிப்பாட்டினேன். வேளாவேளைக்கு ஊற்றியிருந்தால் அழுகியிருக்கும். நந்தவனத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் இரண்டும் நலம்தானே?"

சபை குழைக்காதர் பக்கம் திரும்பியது. ராஜா கேட்டார்:

"நீர் அந்த இரண்டுக்கும் என்ன செய்தீர்?"

குழைக்காதர் ஓலையைப் பார்த்தார். ஊற்றினேன் என்று சொல்ல முடியாது. "நானும்... தண்ணீர்தான் காட்டினேன், மகாராஜா."

"செடிக்கா, எனக்கா?"

கேட்டுவிட்டு ராஜாவே முதலில் சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கக் காத்திருந்த சபையும் அன்றைக்கு அங்கேயே சிரித்தது.

சனிக்கிழமைதோறும் நாறும்பூ வீட்டுக்குப் போய், தன் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் செடியைக் குளிப்பாட்டுவது குழைக்காதர் வேலையாயிற்று. நாறும்பூவுக்கு ராஜா தொழுவத்திலிருந்தே ஒரு கறவைப் பசுவை ஓட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நாறும்பூ ஒரு வாளித் தண்ணீரைப் பசுவுக்குக் காட்டினார். பசு ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு வாளியையும் நக்கியது. சுவரோரம் நின்ற வடிவு மோவாயில் கைவைத்தாள்.

"என்ன ஆவுடை, இதுக்கு விரதம் கிடையாதா?"