பெரணி பட்ட கை

பூவாயி ஒரு குற்றமும் செய்யவில்லை. கழுத்தில் வெள்ளைத் திட்டு படர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு அவளை ஊர்க்கோடி ஆட்டுப்பட்டியில் அடைத்தார்கள். கைப்பிள்ளையை மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதே வெள்ளை மணியக்காரர் முதுகிலும் இருந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டார்.

அடைப்பதற்கு முன்னால் ஊரார் வைத்தியர் வேலம்மையைத் தேடித்தான் வந்தார்கள். அவர் மூலிகைக்காக மலையேறியிருந்தார். வாசலில் நின்றவன் சீடன் சடையன், குருவைவிட வயதில் மூத்தவன். இந்த வெள்ளை பிறருக்கு ஒட்டுமா என்று அவனைக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒட்டும் என்று சொல்லிவிட்டான்.

மலையிலிருந்து திரும்பிய வேலம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பூவாயியின் திட்டில் பூச, பாறையில் முளைக்கும் பெரணி இலையைப் பறித்து வரும்படி அவனை அனுப்பினார்.

பாறைக்குப் போகும் வழி பட்டியை ஒட்டித்தான். படல் கதவின் இடுக்கு வழியே பூவாயி கை நீட்டினாள்.

"என் பிள்ளைக்கு யார் பால் கொடுக்கிறார்கள்?"

சடையன் அந்தக் கை மேலே பட்டுவிடாமல் ஒதுங்கி ஓடினான்.

பெரணியைக் கட்டித் தோளில் போட்டபோதுதான் பார்த்தான். மணிக்கட்டில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். அவள் கழுத்தில் இருந்த அதே வெள்ளை. துண்டைக் கையில் இறுக்கிச் சுற்றினான். திரும்பும்போது பட்டிப் பக்கமே வரவில்லை, முள்ளுக்காட்டைச் சுற்றி வந்தான். உள்ளே தானும், வெளியே கம்பு நுனியில் கஞ்சிச் சட்டியை நீட்டும் யாரோ ஒருவனும் கண்முன்னே வந்துகொண்டே இருந்தார்கள். கட்டை இறக்கியதும் வேலம்மையிடம் கேட்டான்.

"தாயே, அந்த வெள்ளை உண்மையிலேயே ஒட்டுமா?"

"யாருக்காகக் கேட்கிறீர், சடையரே?"

அவன் துண்டு சுற்றிய கையை நீட்டினான். வேலம்மை துண்டை அவிழ்த்தார். விரலை நீரில் நனைத்து ஒரு திட்டைத் துடைத்தார். போய்விட்டது. கட்டிலிருந்து ஓர் இலையை உருவித் திருப்பிக் காட்டினார். அடிப்புறம் முழுக்க வெள்ளைப் பொடி.

"இது பெரணிப் பொடி. அவள் கழுத்தில் இருப்பதும் யாருக்கும் ஒட்டாது."

சடையனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொரு திட்டையும் துடைக்கப் போனான். வேலம்மை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். இந்தக் கையோடு போய்ப் படலைத் திறந்து அவளைக் கூட்டி வாரும்."

சிரிப்பு நின்றது.

"ஊரார் பார்த்தால் என்னையும் உள்ளே தள்ளிவிடுவார்கள், தாயே. ஒட்டாது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்?"

"உம் சொல்லை நம்பித்தானே அவளைத் தள்ளினார்கள்."