கள்ளனுக்கு மட்டும் அடிக்கும் மணி

கரிசல் பூமியில் ஒரு சிறிய ரயில் நிலையம். அதன் வாசலை ஒட்டி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர், சைக்கிள் விடுகிறவர்களுக்கு நம்பர் போட்ட டோக்கன் கொடுப்பவர் வேதமுத்து. தலை நரைத்தவர், வாக்குச் சுத்தமானவர்.

ஒருநாள் சாயங்கால ரயிலின் கூட்டத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. நர்ஸ் படிப்புக்காகத் தினமும் ரயிலேறும் இசக்கியம்மாளின் சைக்கிள் அது. அவள் சத்தம் போடவில்லை. சைக்கிள் நின்ற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் ஊரைப் பார்த்து நடந்தாள்.

அவள் திட்டியிருந்தால் அன்று ராத்திரி வேதமுத்து தூங்கியிருப்பார்.

இனி இந்த ஸ்டாண்டிலிருந்து ஒரு சைக்கிள் போகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார்.

ஊரில் பெரியவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு ஒன்று இருந்தது. நடத்தியவள் தஸ்லீமா. வேதமுத்துவின் மூத்த மகளைவிடச் சின்னவள். அவர் போய் அவள் முன்னால் கைகட்டி நின்றார். "எனக்குச் சொல்லிக் கொடுக்கணும் டீச்சர்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"யாராவது சைக்கிளைத் தொட்டா எனக்குத் தெரியணும்."

தஸ்லீமா ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. முதல்ல ஈயத்தை உருக்கி வயரைப் பத்தவைக்கக் கத்துக்கிடுங்க."

விரல் சுட்டது. மறுபடி பிடித்தார். மறுபடி சுட்டது. மறுபடி பிடித்தார்.

அவர் செய்த முதல் கருவி அதிர்வைக் கண்டுபிடிப்பது. சரக்கு ரயில் போனால் அலறியது. காக்கை உட்கார்ந்தால் அலறியது. கடைசியில் டீக்கடைக்காரரே வந்து வயரைப் பிடுங்கிவிட்டுப் போனார். வேதமுத்து அதை வகுப்புக்குத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

"தோத்துட்டேன் டீச்சர்."

"அது ஆட்டத்தைக் கேட்டுது. நீங்க எதைக் கேக்கணும்?"

வேதமுத்து யோசித்தார். "சைக்கிள் இருக்கா, இல்லையாங்கிறதை."

"அப்ப அதை மட்டும் கேளுங்க."

அடுத்ததை அப்படியே செய்தார். முன்சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு தகடு. தகட்டின் அடியில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு. அதற்குக் கீழே, காந்தம் நெருங்கினால் உள்ளே இரண்டு கம்பி ஒட்டிக்கொள்ளும் சின்னக் கண்ணாடிச் சுவிட்சு. சக்கரம் தகட்டை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் சும்மா இருக்கும். சக்கரம் விலகினால் அவருடைய அறையில் அந்த இடத்துக்குரிய சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும்; அணைக்க ஒவ்வொரு இடத்துக்கும் அங்கேயே ஒரு சுவிட்சு. பெரும்பாலும் காயலான் கடைச் சாமான்தான். ரயிலுக்கும் காக்கைக்கும் அது வாயே திறக்கவில்லை.

ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. இசக்கியம்மாளும் வந்து பார்த்தாள். மறுவாரம் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைத் தேற்றிக்கொண்டு வந்து அங்கேயே நிறுத்தினாள்.

"நம்பி விட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி," என்றாள்.

ஆனாலும் வேதமுத்துவுக்கு ஒரு குறை இருந்தது. அன்று வகுப்பு முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"நல்லவன் எடுத்தாலும் மணி அடிக்கு. கள்ளன் எடுத்தாலும் அடிக்கு. கள்ளனுக்கு மட்டும் அடிக்கிற மாதிரி செய்ய முடியாதா டீச்சர்?"

"முதல்ல டோக்கனை வாங்கிட்டு அந்த இடத்துச் சுவிட்சை அணைச்சிருங்க. சைக்கிளை எடுக்கையில அடிக்காது."

"எல்லார்கிட்டயும் எப்படிக் கேக்கது? ஹெட்மாஸ்டர் வாராரு, கோயில் தர்மகர்த்தா வாராரு. அவங்களை நிறுத்தி டோக்கன் காட்டுன்னு சொல்ல முடியுமா? தெரிஞ்ச மனுசங்க. கருவிக்கே ஆளைத் தெரிஞ்சா நல்லாருக்கும்."

தஸ்லீமா மேசையைத் துடைத்தாள். "நாளைக்குச் சொல்லுதேன்," என்றாள்.

மறுநாள், சாயங்கால ரயில் வருவதற்குச் சற்று முன்பு மணி அடித்தது. வேதமுத்து பாய்ந்து வெளியே வந்தார். தஸ்லீமா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்! நம்ம ஸ்டாண்டுலயா விட்டிருந்தீங்க?" அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வாசல் சங்கிலியைத் தானே விலக்கிவிட்டார். அவள் ஏறிப் போனாள். அவர் உள்ளே போய் மணியை அணைத்தார்.

ரயில் வந்தது. கூட்டம் வந்தது, போனது. ஸ்டாண்டின் நடுவில் இசக்கியம்மாள் மட்டும் நின்றாள். அவள் முன்னால் வெறும் தகடு.

"அண்ணாச்சி, என் சைக்கிள் எங்க?"

வேதமுத்து குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தார்.

"மணி அடிக்கலையா?"

"அடிச்சுதும்மா," என்றார். சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது: ரயிலுக்கு முன்னால் அடித்த மணிக்குச் சைக்கிளோடு போனது டீச்சர்.

அவர் சட்டையைக்கூட மாட்டாமல் வகுப்பை நோக்கி நடந்தார். இசக்கியம்மாள் பின்னாலேயே வந்தாள். வகுப்பு வாசலில் சைக்கிள் சாய்ந்து நின்றது. தஸ்லீமா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எப்படி டீச்சர்... பூட்டியிருந்துதே!"

"நான்தான் சாவி கொடுத்தேன்," என்றாள் இசக்கியம்மாள் மெதுவாக. "டோக்கன் கொடுக்கலை."

வேதமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"மணி அடிச்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டாள் தஸ்லீமா.

"அடிச்சுது."

"விளக்கு?"

"எரிஞ்சுது."

"ஓடி வந்தீங்களா?"

"வந்தேன்."

"அப்புறம்?"

"உங்களைப் பார்த்தேன்." அவர் குரல் இறங்கியது. "சங்கிலியை எடுத்துவிட்டேன்."

தஸ்லீமா எழுந்து சைக்கிளை நிமிர்த்தி இசக்கியம்மாள் கையில் கொடுத்தாள்.

"டீச்சர், உங்களைப் போய் எப்படி நான் நிறுத்தி டோக்கன் கேக்க?"

"மணிக்கு என்னைத் தெரியாது அண்ணாச்சி. அது சரியா அடிச்சுது. உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருந்துது. சைக்கிள் போச்சு."

வேதமுத்து இசக்கியம்மாள் பக்கம் கையை நீட்டி, "டோக்கனைக் காட்டும்மா," என்றார்.