குகைப் பெண்ணின் துக்கம்

பாட்டுக் கட்டப் பழகவேண்டும் என்று நாச்சாயியிடம் வந்து சேர்ந்தபோதே செங்கோடனுக்கு மீசை பாதி நரைத்திருந்தது. குருவுக்கு அவரைவிட வயது குறைவு. இடுப்பில் கைக்குழந்தை வேறு. அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளைக் குருவம்மா என்பார்.

"மலைக்குகைச் சுவரில் ஒரு பொண்ணைப் படமா வரைஞ்சு வச்சிருக்காங்க. அவளைப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டிட்டு வாங்கண்ணா" என்று ஒருநாள் அனுப்பினாள்.

அறுப்பு முடிந்ததிலிருந்து தினமும் போனார். உள்ளே இருட்டு. எண்ணெய்ப் பந்தத்தைக் கொளுத்தி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அவருடைய துண்டைத் துவைக்கிறபோதெல்லாம் வீட்டுக்காரி கத்துவாள்.

"பாட்டுக் கட்டுறீங்களா, கரிமூட்டம் போடுறீங்களா?"

மாரியம்மன் நோன்பியன்று காலையில் பாட்டு முடிந்தது. சாயங்காலம் ஊர் முன்னால் பாடவேண்டும். அவருக்கு அதுதான் முதல் மேடை. ஓடிவந்து குருவிடம் பாடிக் காட்டினார். யாரையோ பறிகொடுத்து முகம் இருண்டுபோன ஒருத்தியின் பாட்டு.

"அவளுக்கு இத்தனை துக்கமாண்ணா?"

"முதல் நாள் எனக்கும் தெரியலீங்க. சிரிக்கிற மாதிரிகூட இருந்துச்சு. போகப் போகத்தான் மனசைத் திறந்தா. எங்கிட்ட மட்டும்."

நாச்சாயி கொழுக்கட்டைக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

குகை வாசலில் அவர் பந்தத்தைக் கொளுத்தப் போனார்.

"அது வேண்டாம். உள்ள போய்ச் சித்த நேரம் சும்மா நிப்போம்."

நின்றார்கள். கண் பழகியதும், வாசல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாவு உருண்டையை அந்தப் பெண்ணின் முகத்தில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தாள் நாச்சாயி. மாவு கறுத்தது. மஞ்சள் பூசிய கன்னம் வெளியே வந்தது. பிறகு உதடு. பிறகு பல்வரிசை.

பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக் குழந்தையும் கெக்கலித்தது.

செங்கோடன் துண்டால் மூக்கைத் துடைத்தார். துண்டில் கரி. சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கிட்ட மட்டும் என்று சொன்னது அவர் காதிலேயே திரும்பக் கேட்டது. சுவரைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த குழந்தையைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"சாயங்காலம் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும், குருவம்மா" என்றார் தலையைக் குனிந்தபடி. "அந்தப் பாட்டை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாடுவேன்?"

நாச்சாயி குழந்தையை வாங்கிக்கொண்டு, கறுத்துப்போன மாவு உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அதே பாட்டைப் பாடுங்கண்ணா. கரி பூசினது யாருன்னு கடைசியில ஒரு அடி மட்டும் சேர்த்துக்குங்க."